சின்ன நாட்டிற்குச் சண்டை விமானம் எதற்கு?

இலங்கைக்குப் புதிய சண்டை ஆகாய விமானங்கள் வேண்டும் என்றும், சுதந்தர நாடு என்று பெயர் வைத்துக்கொண்டு ஆகாயத்தைக் கதவில்லாத வீடாகப் போட்டு வைப்பது மானக்கேடு என்றும் அந்நாட்டில் ஒரு சாரார் பேசுவதுண்டு. அதைக் கேட்டு நம் பக்கத்திலும் "வாஸ்தவந்தானே, சின்ன நாடானாலும் நாடு நாடுதானே" என்று தலையாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இது நமக்குச் சம்பந்தமில்லாத காரியமென்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரி முனையிலிருந்து சென்னைப் பட்டணம் இருக்கிற தூரத்தில் பாதிகூட இல்லை கொழும்பு. அங்கே சோறு தட்டினால் தோணி ஏறி வருகிறவர்கள் நம் கரையில்தான் வந்து இறங்குகிறார்கள். ஆகவே அந்த வீட்டுக் கணக்கைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர்களாகிய நாம் நாலு வார்த்தை சொல்லுவது அத்துமீறலாகாது.

முதலில் விலை என்பதைப் பற்றி ஜனங்களுக்கு இருக்கிற மயக்கத்தைத் தெளிவிக்க வேண்டும். சண்டை விமானத்தின் விலை, யானையின் விலை மாதிரிதான். யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதில்தான் குடும்பம் கவிழும். ஒரு மணி நேரம் பறப்பதற்கு ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய், விற்றவனிடமே காலமெல்லாம் வாங்க வேண்டிய உதிரிச் சாமான், ஓட்டுகிறவனுக்கு வருஷக்கணக்கில் பழக்கம், நிறுத்தக் கொட்டகை, காவல், குண்டு, பழுது பார்க்க வெளிநாட்டு மேஸ்திரி என்று அது பறந்தாலும் தின்னும், நின்றாலும் தின்னும். இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. பணத்திற்குப் பஞ்சமில்லாத ஸ்விட்சர்லாந்து 2021ல் அமெரிக்காவின் எஃப்-35 விமானம் 36 வாங்கத் தீர்மானித்தபோது, வாங்குகிற விலை 506 கோடி பிராங்க் என்றும், முப்பது வருஷம் வைத்துக் காப்பாற்றுகிற செலவும் சேர்த்தால் 1,550 கோடி பிராங்க் என்றும் அந்தச் சர்க்காரே கணக்குக் காட்டிற்று. அதாவது ஒரு பங்கு விலைக்கு இரண்டு பங்கு தீனி. அதிலும் விலை நிர்ணயமானது, ஒரு காசு ஏறாது என்று ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2025ல் அமெரிக்கா, "அப்படி நாங்கள் சொல்லவில்லையே" என்று கையை விரித்துவிட்டது. இன்னும் 65 கோடி முதல் 130 கோடி பிராங்க் வரை அதிகமாகலாமென்று ஸ்விஸ் சர்க்காரே வெளியிட வேண்டி வந்தது. படிப்பும் பணமும் வக்கீல்களும் நிறைந்த நாட்டிற்கே சந்தையில் இந்தக் கதியென்றால், மற்றவர்களின் கதி என்ன?

இனி இலங்கையைப் பார்ப்போம். 1996ல் இஸ்ரவேலிடம் வாங்க ஆரம்பித்த கிபிர் என்கிற விமானங்களில் ஐந்தைப் புதுப்பிப்பதற்காக 2021ம் வருஷம் இஸ்ரவேல் கம்பெனியோடு 5 கோடி டாலருக்கு ஒப்பந்தமாயிற்று. புதிய விமானம் வாங்க அல்ல, பழையதற்கு உயிர் கொடுக்க. அதே 2021ல்தான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளுக்கு, அவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுவந்த ஆயிரம் ரூபாய் நாட் சம்பளம் கிடைத்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அந்த ஆயிரம் இலங்கை ரூபாய் சுமார் ஐந்து டாலர். வாசகர்கள் தாங்களே வகுத்துப் பார்க்கலாம்: ஐந்து விமானத்தைச் செப்பனிடுகிற செலவு, கொழுந்து கிள்ளுகிற ஒரு கோடி ஆள் நாட் கூலி. அந்த டாலர் எங்கிருந்து வருகிறதென்றால் அந்தத் தேயிலையை விற்றுத்தான் வருகிறது. துணி தைக்கிற பெண்கள் கையிலிருந்தும், வளைகுடா நாட்டில் வீட்டு வேலை செய்து பணம் அனுப்புகிற தாய்மார்கள் கையிலிருந்தும் வருகிறது. சண்டை விமானக் கம்பெனிக்காரன் உள்ளூர் ரூபாயை வாங்குவானா? அவனுக்கு டாலர் வேண்டும். எண்ணெய்க்காரனுக்கும் மருந்துக்காரனுக்கும் பால்பொடிக்காரனுக்கும் அதே டாலர்தான் வேண்டும். ஏழை நாட்டில் நடக்கிற போட்டி இதுதான்.

அடுத்த வருஷம் என்ன நடந்ததென்பதை உலகமே பார்த்தது. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் பரீட்சையை நிறுத்திவைத்தார்கள். காரணம் கலகமல்ல, கொள்ளைநோயல்ல. கேள்வி அச்சடிக்கக் காகிதம் வாங்க டாலர் இல்லை. எண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் வரிசையிலேயே விழுந்து செத்தார்கள். அதே மாதம் கைக்குழந்தைகளோடு தமிழர்கள் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்கள். ஏப்ரல் 12ந் தேதி, சுமார் 5,100 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்ட இயலாதென்று சர்க்கார் அறிவித்தது. மே மாதத்தில் சென்னையிலிருந்து அரிசியும் பால்பொடியும் மருந்தும் கப்பலில் போயிற்று. ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சே நாட்டைவிட்டு ஓடினார். அவர் ஓடியது இராணுவ விமானத்தில்தான். அந்த மட்டுக்கு விமானப்படை ஒருவருக்காவது பயன்பட்டது என்று சொல்லலாம்.

இந்த 5 கோடி டாலரால்தான் இலங்கை திவாலாயிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பித்தலாட்டமாகும். 2019ல் பணக்காரருக்கு வரியைக் குறைத்ததும், கொள்ளைநோயில் சுற்றுலா வருமானம் போனதும், வெளிச்சந்தையில் கொள்ளை வட்டிக்கு வாங்கிய கடனும், 2021ல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடுத்து விளைச்சலைக் கெடுத்த அசட்டுத்தனமும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் வீடு பற்றிக்கொள்ளும் சமயத்தில் வீட்டுக்காரன் எதற்குப் பணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்று கேட்பதற்கு நமக்குப் பாத்தியதை உண்டல்லவா?

நிற்க. இவ்வளவு செலவழித்த விமானங்கள் யாரைத் தாக்கின என்று பார்க்க வேண்டும். இலங்கை விமானப்படை 1951ல் ஏற்பட்டது. அன்று முதல் இன்று வரை அது எந்த அந்நிய நாட்டுச் சேனையின் மீதும் ஒரு குண்டு போட்டதில்லை. போட்ட குண்டெல்லாம் சொந்தக் குடிகளின் தலைமேல்தான். 1995 ஜூலை 9ல் யாழ்ப்பாணத்து நவாலியில் சண்டைக்குப் பயந்து தேவாலயத்தில் ஒண்டியிருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2006 ஆகஸ்டு 14ல் முல்லைத்தீவுப் பக்கத்துச் செஞ்சோலையில் விழுந்து ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவிகள் மாண்டார்கள். அது புலிகளின் பயிற்சி முகாமென்று சர்க்கார் சமாதானம் சொல்லிற்று. வன்னியிலே பேச்சு வராத பிள்ளைக்குக்கூடக் கிபிர் என்கிற சொல் தெரியும். கேட்டதும் பதுங்கு குழிக்கு ஓடத் தெரியும். வரி கொடுக்கிற குடியானவன் தன் வரியில் வாங்கிய விமானத்தின் சத்தத்தைக் கேட்டு ஓட வேண்டியிருந்தால், அதற்கு "தேசப் பாதுகாப்பு" என்று பெயர் வைப்பதைவிட மோசமான அகராதி வேறு உண்டா?

சரி, உள்நாட்டு எதிரியிடமிருந்தாவது அவை தங்களைக் காப்பாற்றிக் கொண்டனவா? 2001 ஜூலை 24 விடியற்காலையில், கட்டுநாயக்க விமான நிலையத்தில் காலால் நடந்து வந்த ஒரு சிறு கூட்டம், நிறுத்தி வைத்திருந்த கிபிர்களையும் மிக் விமானத்தையும் பயணிகள் விமானங்களையும் தீக்கிரையாக்கிற்று. அவ்வருஷம் நாட்டின் மொத்த உற்பத்தியே சுருங்கிப் போயிற்று. 2007 மார்ச்சில் புலிகள், படிப்பதற்கு ஓட்டுகிற மாதிரிச் சின்ன விமானத்தில் வந்து அதே இடத்தில் குண்டு போட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள். சப்தத்தைவிட வேகமாகப் பறக்கிற கருடன்கள் கொசுவைப் பிடிக்க முடியாமல் நின்றன.

இதற்கு அவர்கள் பக்கத்தில் ஒரு பலமான பதில் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே யோக்கியம். 1987 ஜூன் 4ந் தேதி இந்திய விமானங்கள் இலங்கையின் சம்மதமில்லாமல் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவு மூட்டைகளைப் போட்டன. மிராஜ் என்னும் சண்டை விமானங்கள் துணைக்குப் போயின. பூமாலை என்று அதற்குப் பெயர். "எங்களிடம் நல்ல சண்டை விமானம் இருந்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்குமா?" என்று கொழும்பிலே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பசித்தவனுக்குச் சோறு போட்டது என்பதற்காக ஒரு நாட்டின் எல்லையை இன்னொரு நாடு மிதிப்பது சரியாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அன்று அவர்களிடம் நல்ல விமானம் நாலு இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். சுட்டிருப்பார்களா? சுட்டிருந்தால் மறுநாள் நாலும் இருந்திருக்குமா? நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிற பக்கத்து நாட்டின் முன் நாலும் ஒன்றுதான், பூஜ்யமும் ஒன்றுதான். அன்று இலங்கையின் வடபகுதியை முற்றுகைக்குள் வைக்காமல் தன் குடிகளுக்குத் தானே சோறு போட்டிருந்தால், மூட்டை போடுகிற சாக்கு இந்தியாவுக்குக் கிடைத்திருக்காது என்பதே நமது அபிப்பிராயம்.

நாம் நாஞ்சில் நாட்டார். பாதுகாப்புக்காகக் கடன்பட்டு நாட்டையே தோற்ற கதையை நமக்கு யாரும் கொழும்பிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. திருவிதாங்கூர் சின்ன ராஜ்யம். திப்பு சுல்தானுக்குப் பயந்து இங்கிலீஷ் கம்பெனியாரின் பட்டாளத்தைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டது. 1795ல் உடன்படிக்கை. 1805ல் மறு உடன்படிக்கை. அதன்படி வருஷம் 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அந்தக் கூலி கட்டுவதற்காகச் சொந்தப் பட்டாளத்தின் படியைக் குறைக்கப் பார்த்ததில் 1804லேயே கலகம் கிளம்பியிருந்தது. அந்த 1805 உடன்படிக்கைக்குச் சம்மதித்த தளவாய் நம் தலக்குளத்து வேலுத்தம்பிதான். பாக்கி ஏறிற்று. "பணம் எங்கே?" என்று ரெசிடெண்டு மெக்காலே கழுத்தில் துண்டைப் போட்டான். கடைசியில் அதே வேலுத்தம்பி 1809 ஜனவரியில் குண்டறையில் விளம்பரம் போட்டுச் சண்டைக்கு எழுந்தார். பிப்ரவரியில் கம்பெனிச் சேனை ஆரல்வாய்மொழிக் கோட்டையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. மண்ணடியில் அவர் உயிர் போயிற்று. எந்தச் சேனை நம்மைக் காப்பதற்கென்று வருஷம் 8 லட்சம் வாங்கிற்றோ அந்தச் சேனைக்காரர்களே நாட்டைக் கைப்பற்றினார்கள்.

இதிலே இன்னொரு வேடிக்கை. மார்த்தாண்ட வர்மா 1750ல் ராஜ்யத்தையே பத்மநாபசாமிக்கு எழுதி வைத்துவிட்டு, ராஜாக்கள் சாமியின் தாசர்களாக நாடாளுவதென்று ஏற்பாடு செய்திருந்தார். ஆகவே சட்டப்படி பார்த்தால் 8 லட்சம் ரூபாய்க் கடன்காரர் சாட்சாத் பத்மநாபசாமியேதான்! சொத்துக்காரர் என்கிற முறையில் அவர் ஆரல்வாய்மொழிக்கு வரவுமில்லை; நிலவறையில் கிடந்த பொன்னில் ஒரு பிடி எடுத்துப் பாக்கியைத் தீர்க்கவுமில்லை. கட்டினவன் தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் சேற்றில் நின்ற குடியானவன்.

"குளச்சலை மறந்துவிட்டீர்களே, 1741ல் அதே மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரனைக் குளச்சல் கடற்கரையில் முறியடிக்கவில்லையா? அவரும் சின்ன ராஜாதானே?" என்று யாராவது கேட்கலாம். மறக்கவில்லை. அங்கே நடந்ததென்னவென்றால், டச்சுக்காரனிடம் கடன் வாங்கி டச்சுக்காரனை ஜெயிக்கவில்லை. உள்ளூர்ச் சேனையைக்கொண்டு கரையில் இறங்கினவனை வளைத்துக்கொண்டார்கள். பிடிபட்ட டிலனாயைக்கொண்டே உதயகிரியில் கோட்டையைப் பலப்படுத்தி, சேனையையும் பழக்கினார்கள். அதற்கான செலவுக்கு மிளகு வாணிபத்தைச் சர்க்கார் கையில் எடுத்துக்கொண்டார்கள். வித்தை வீட்டிலேயே தங்கிற்று. பணமும் வீட்டுப் பணம். 1741க்கும் 1805க்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். இன்றைக்குச் சண்டை விமானம் வாங்குகிற சின்ன நாடு எந்த வகையில் சேர்ந்தது? திருகாணி ஒன்று கழன்றாலும் விற்றவன் அனுமதி வேண்டும். விற்றவனுக்குக் கோபம் வந்தால் விமானம் இரும்புக் கடைக்குத்தான்.

இலங்கை விஷயத்தில் இது கண்முன் நடந்துவிட்டது. கிபிர் இருக்கும்போதே, 2017ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 112 கோடி டாலருக்கு 99 வருஷக் குத்தகையாகச் சீனக் கம்பெனி கைக்குப் போயிற்று. 2022 ஆகஸ்டில், வர வேண்டாமென்று இந்தியா ஒரு பக்கம் இழுக்க, வந்தே தீருவேனென்று சீனா ஒரு பக்கம் இழுக்க, சீனத்தின் ஆராய்ச்சிக் கப்பல் அந்தத் துறைமுகத்திலேயே வந்து நின்றது. கடன்காரனாகிய இலங்கை நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அந்தச் சமயத்தில் ஆகாயத்தில் ஐம்பது புது விமானம் பறந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?

சின்ன நாடு என்பதெல்லாம் ஒரே ரகமென்றும் நாம் சொல்லவில்லை. சிங்கப்பூர் நம் கன்னியாகுமரி ஜில்லாவில் பாதிகூட இல்லை. எஃப்-35 விமானம் 20 வாங்க ஏற்பாடு செய்திருக்கிறது. சொந்த ஆகாயத்தில் இடம் போதாமல் வெளிநாட்டில் வைத்து ஓட்டப் பழக்குகிறது. அதன் பெட்டியில் பணமிருக்கிறது, செய்கிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் நியூஸிலாந்தைப் பாருங்கள். 2000த்தில் குத்தகைக்கு எடுக்கவிருந்த 28 அமெரிக்க விமானங்களை வேண்டாமென்று சொல்லி, மறு வருஷம் சண்டை விமானப் பிரிவையே கலைத்துவிட்டது. கால் நூற்றாண்டு ஆகிறது. யாரும் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. கோஸ்டாரிகா 1948லேயே பட்டாளத்தையே கலைத்துவிட்டது. ஸ்விட்சர்லாந்திலோ 2014 பிப்ரவரியில் ஒரு கூத்து நடந்தது. எத்தியோப்பியா நாட்டுப் பயணிகள் விமானத்தை அதன் துணை விமானியே கடத்திக்கொண்டு விடியற்காலையில் ஜினீவாவுக்கு வந்துவிட்டான். துணைக்குப் பறந்தவை இத்தாலி, பிரெஞ்சு விமானங்கள். ஸ்விஸ் விமானப்படை எங்கே என்றால், ஆபீஸ் நேரம் இன்னும் ஆரம்பமாகவில்லை! செலவு கட்டாது என்று பகலில்தான் அவர்கள் காவல் வைத்திருந்தார்கள். மே மாதத்தில் 22 புது விமானம் வாங்கலாமா என்று ஜனங்களையே கேட்டபோது நூற்றுக்கு 53 பேர் வேண்டாமென்றார்கள். நாடு முழுகிவிடவில்லை.

நம் பெரிய நாட்டின் பெருமையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறோம். ஆயுதமும் சாமானும் சேர்த்துச் சுமார் 59,000 கோடி ரூபாய்க்கு பிரான்சிடம் 36 ரபேல் விமானத்திற்கு 2016ல் ஒப்பந்தம் செய்தோம். 2019 விஜயதசமியன்று முதல் விமானத்தை வாங்கிக்கொள்ளப் போன மந்திரி ராஜ்நாத் சிங், அதன்மேல் ஓம் என்று எழுதிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இத்தனை கோடி கொடுத்து வாங்கிய யந்திரத்தை வடசேரிச் சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற எலுமிச்சம்பழம் காப்பாற்றுமானால், எலுமிச்சம்பழத்தையே எல்லையில் வரிசையாக அடுக்கிவிடலாமே! காப்பாற்றாது என்றால் அதை ஏன் வைத்தார்? ஆயுதம் வாங்குவதில் பாதி கணக்கு, பாதி பூஜை என்றாகிவிட்டபடியால்தான் சின்ன நாடுகளும் கணக்குப் பார்க்காமல் இந்தப் பூஜையில் வந்து விழுகின்றன.

அப்படியானால் ஆகாயத்தில் ஒன்றுமே வேண்டாமா என்றால், வேண்டும். எது வேண்டும் என்பதில்தான் பேச்சு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் நம் ஜில்லாவின் மேற்குக் கடற்கரை வெறிச்சோடிப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளிகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பி வரவே இல்லை. டிசம்பர் 7ல் குழித்துறையில் ரயில் பாதையில் உட்கார்ந்த ஜனங்கள் கேட்டது தேடுகிற கப்பலையும் ஹெலிகாப்டரையுந்தான், ரபேலை அல்ல. இலங்கையிலும் 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்து வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது, கூரைமேல் நின்று கையசைத்தவர்களைத் தூக்கியது ஹெலிகாப்டர். கிபிர் யாரையும் தூக்காது. அதில் உட்கார இடமுமில்லை. கடலைக் காவல் காப்பதற்கும், கஞ்சாத் தோணியைக் கண்டுபிடிப்பதற்கும் 2022ல் இந்தியா கொடுத்த டோர்னியர் மாதிரி மெதுவாகப் பறந்து உற்றுப் பார்க்கிற விமானமே தகுந்தது.

புதியதும் வேண்டாம், பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்கிற நடுவழிக்காரர்களும் இருக்கிறார்கள். அது எல்லாவற்றிலும் மோசம். 2025 ஜூலை 21ல் டாக்காவில், வங்காள தேசத்து விமானப்படையின் எஃப்-7 என்கிற பழைய மாதிரிச் சண்டை விமானம் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கருகினார்கள். பெரும்பாலும் குழந்தைகள். எதிரி ஒருவனும் வரவில்லை. 

இலங்கைச் சர்க்கார் 2023ல் தங்கள் தரைப்படையை 2 லட்சத்திலிருந்து 2030க்குள் 1 லட்சமாகக் குறைப்பதாகச் சொன்னார்கள். நல்ல காரியம். அதில் மிச்சமாகிறதைச் சண்டை விமானக் கம்பெனிக்குத் தவணை கட்டாதிருக்க வேண்டுமே என்பதுதான் நமது கவலை. அப்படி ஒருகால் புது விமானந்தான் வேண்டுமென்று தீர்மானிப்பார்களானால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, விலை இவ்வளவு, முப்பது வருஷத் தீனிச் செலவு இவ்வளவு, இன்னாரிடம் கடன், இத்தனை வட்டி, தரகு இன்னாருக்கு என்று சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்து, மலைநாட்டு லயத்து வாசல் முதல் மந்திரி வீட்டு வாசல் வரை ஒட்டட்டும். ஸ்விட்சர்லாந்துக்காரனைக் கேட்ட மாதிரி அந்தத் தேயிலைக் கூலிக்காரியையும் கேட்டு, அவள் சரியென்றால் வாங்கிக்கொள்ளட்டும்.